குளிர் அறையும் ஐந்து வெள்ளியும்

எங்கள் லேபில் அழுவதற்குத் தோதான இடம் குளிர் அறைதான். உள்ளே 4 டிகிரி. கதவு கனம், சத்தம் வெளியே போகாது. பினாங்கில் முனைவர் பட்டத்தின் மூன்றாம் வருஷம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதற்காகவே அங்கே போனேன்.

என் வேலை செல் வளர்ப்பு. இரண்டு நாளைக்கு ஒருமுறை மீடியம், அதாவது செல்கள் வளரும் சத்து நீர், மாற்றியாக வேண்டும். செல்களுக்குத் தீபாவளியும் தெரியாது, தைப்பூசமும் தெரியாது. அந்த வருஷம் தண்ணீர்மலையிலிருந்து இறங்கி, நெற்றியில் விபூதியோடு நேரே லேபுக்கு ஓடினேன். அதற்கடுத்த மாதம் செல்களில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா புகுந்துவிட்டது. மீடியம் கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, பெனிசிலினுக்கும் மசியாது. டெஸ்ட் பாசிட்டிவ். எட்டு மாத டேட்டா குப்பைக்குப் போனது. "சரி, மறுபடி ஆரம்பிங்க" என்றார் சூப்பர்வைசர். அதில் தப்பில்லை. மறுநாள் என்னால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகக் கவுன்சலிங் பிரிவில் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தத்தை அளக்கும் டாஸ் (DASS) கேள்வித்தாள் கொடுத்தார்கள். 21 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை; எண் கூடினால் நிலைமை மோசம். 3 போட வேண்டிய இடத்திலெல்லாம் 1 போட்டேன். கவுன்சலர் தாளைப் பார்க்கவேயில்லை. "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றார். யோசித்தேன். முந்தைய நாள் மத்தியானம், மாமாக் கடையில் ஒரு ரோட்டி சானாய். தாளைத் திருப்பி வாங்கி, மறுபடி நிரப்பினேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பார்த்து, ரெஃபரல் கடிதம் வாங்கினேன். அந்தக் கடிதம் இருந்தால் மருத்துவமனையில் மனநல நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி; தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முப்பது. எனக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. இடையில் தாங்க முடியாவிட்டால் மனநல உதவி எண்ணான 15555க்கு அடிக்கச் சொன்னார் கவுன்சலர். ஒருமுறை அடித்தேன்.

காத்திருந்த நாட்களில் 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜியில் வந்த ஆய்வைப் படித்தேன். 26 நாடுகளில் 2,279 பேர், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். 39 சதவீதத்தினருக்கு மிதமானதிலிருந்து கடுமையான மனச்சோர்வு வரை. கஷ்டப்படுகிறவர்கள்தானே இப்படிப்பட்ட படிவத்தை அதிகம் நிரப்புவார்கள் என்று உடனே குறை கண்டுபிடித்தேன். அந்த நிலைமையிலும் புத்தி போகவில்லை பாருங்கள்.

டாக்டர் முதலில் தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு மாத்திரை, முதல் வாரம் பாதி. வயிற்றைப் புரட்டியது. நான்காம் வாரம்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

செமஸ்டரைத் தள்ளிவைக்கும் படிவம்தான் மலையாக நின்றது. காரணம் என்ற கட்டத்தில் 'மருத்துவம்' என்று மட்டும் எழுதி, கடிதத்தை இணைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள், படிப்புக் காலக் கணக்கில் அது சேரவில்லை. ஆனால் உதவித்தொகை நின்றது. இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் சுங்கை சிப்பூட்டில் வீட்டோடு இருந்து டியூஷன் எடுத்தேன். அம்மாவிடம் மாத்திரையைக் காட்ட ஒரு வாரம் பயந்தேன். "சாப்பிட்டா தூக்கம் வருதா பாப்பா? அப்ப விடாம சாப்பிடு" என்று முடித்துவிட்டார்.

இப்போது லேபுக்குத் திரும்பிவிட்டேன். மாத்திரை தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீடியம் மாற்றுவதை ஜூனியரும் நானும் முறை போட்டுக்கொண்டோம். சீனப் புத்தாண்டுக்கு நான் போவேன், தீபாவளிக்கு அவள்.