கவுண்ட் சரியா, சிஸ்டர்?

ஆபரேஷன் தியேட்டரில் நைட் டூட்டி என்றால், ஒன்று விடிய விடிய நிற்க வேண்டும். இல்லையென்றால் கருவிகளைக் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் ஓடி முடிகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும். போன மழைக்காலத்தில் எனக்கு உட்காருகிற ராத்திரிகள் நிறைய வாய்த்தன. இரண்டு புத்தகங்களை முடித்தேன். எழுதியவர்கள் இருவருமே டாக்டர்கள்.

முதலாவது, அதுல் கவாண்டே 2009-இல் எழுதிய 'தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ'. தினமும் நான் டிக் அடிக்கிற அந்த ஒற்றைத் தாளின் கதை. ஆபரேஷனில் எதுவும் விட்டுப்போகாமல் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தயாரான பட்டியல், 19 விஷயங்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இதை ஏற்கெனவே ஒரு ட்ரெயினிங்கில் கொட்டாவி விட்டபடி கேட்டிருக்கிறேன். புத்தகத்தில் என்னை நிமிர வைத்தது 1935-இல் சோதனை ஓட்டத்தில் நொறுங்கிய போயிங் விமானம். ஓட்டியவர் கைதேர்ந்தவர். புதிதாக வைத்திருந்த ஒரு பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். மற்றபடி சொன்னதையே சொல்கிற புத்தகம். முதலீட்டுக்காரர்கள் வரும் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டேன்.

அந்த 19-இல் ஒன்று, கத்தி வைக்கும் முன் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. நாங்கள் சொல்லாமலே டிக் அடிப்போம். தெரிந்த முகங்கள்தானே! தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்து பேசியவர்தான் பிறகு தப்பைப் பார்த்தாலும் பேசுவார் என்கிறார் கவாண்டே. அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவசர சிசேரியன். குழந்தை அழுதாயிற்று, டாக்டர் தையல் போட ஆரம்பித்துவிட்டார். "கவுண்ட் சரியா, சிஸ்டர்?" ரத்தம் ஒற்றுகிற துணி, மாப், பத்து கொடுத்திருந்தோம், கையில் ஒன்பது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். மீதி ஒன்று வயிற்றுக்குள்ளே இருந்தால்? 'இல்லை' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், தொண்டையை விட்டு வரவில்லை. மூன்றாவது முறை எண்ணுவது போல நடித்துக்கொண்டிருந்தபோது, சக்‌ஷன் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து ஆயாம்மா குரல் வந்தது. "இங்க ஒண்ணு கெடக்கு பாருங்க." அந்த டாக்டர் அதட்டுகிறவர்கூட இல்லை. ஆனால் அவருக்கு என் பெயர் தெரியாது. எனக்கு ஆயாம்மாவின் பெயர் தெரியாது.

இரண்டாவது, 'எரியும் பனிக்காடு'. பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் தமிழாக்கியது. டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலை ஏறுகிறார்கள். வாங்கிய முன்பணம் கடனாகிக் காலைச் சுற்றிக்கொள்கிறது. மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களை அள்ளிப்போகிறது.

நாவல் என்று பார்த்தால் குறை உண்டு. நல்லவர்கள் ரொம்பவே நல்லவர்கள். பிற்பாடு வருகிற டாக்டர் ஆபிரகாமைச் சுற்றி ஒளிவட்டம் போடாத குறைதான் (ஆசிரியரும் டாக்டர் ஆயிற்றே). ஆனாலும் காய்ச்சலோடு கிடப்பவர்களை வேலைக்கு விரட்டுகிற பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. டேனியல் நினைத்திருந்தால் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேர் செத்தார்கள் என்று ஓர் அறிக்கை எழுதியிருக்கலாம். அதையும் நான் ட்ரெயினிங்கில் கொட்டாவி விட்டபடி கேட்டிருப்பேன்.

படித்து முடித்த வாரத்தில் வால்பாறையிலிருந்து ஒரு பாட்டி வந்தார், குடலிறக்க ஆபரேஷனுக்கு. நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த வாந்தியே இன்னும் தீரவில்லை என்றார். கொழுந்து கிள்ளியே காய்த்துப்போன விரல்கள். கறை நகக்கண்ணில் அப்படியே நின்றிருந்தது. பட்டியலின் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"உங்க பேரைச் சொல்லுங்கம்மா."

சொன்னார். மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்தேன்.

"உம்பேரென்ன கண்ணு?"

சொன்னேன். மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னது கேட்கவில்லை போல. காதைப் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி கேட்டார்.