பாலன்ஸ்னா யாரோட பாலன்ஸ்?

லாரி பார்சல் சர்வீஸ் ஒன்றுக்காக, வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். ஆறு மாதமாக என் நேரத்தில் பாதிக்கு மேல் போவது புரோகிராம் கோடு எழுதுவதில் இல்லை, நாலைந்து வரிப் பத்திகளை எழுதி அழித்துத் திருப்பி எழுதுவதில்தான். அந்த ஏஜென்ட் தகவல் எடுக்கவும் வேலை முடிக்கவும் பயன்படுத்தும் சின்னச் சின்னப் புரோகிராம்களான டூல்களின் விளக்கங்கள் அவை.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டூலுக்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன பாராமீட்டர் (உள்ளீடு) தர வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா என்கிற படிவம், இவ்வளவுதான் ஏஜென்டின் மூளையான ஏஐ மாடலிடம் போகிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, மாடல் டூல்களைக் கூப்பிடும் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்தபோதும் இப்படித்தான், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் அறிவித்த, டூல்களை ஏஐயோடு இணைப்பதற்கான பொதுத் தரமான எம்சிபியிலும் அடிப்படை இதுதான். பின்னால் ஓடுகிற கோடு மாடலுக்குத் தெரியாது. டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பதும் தெரியாது.

எங்கள் டூல் ஒன்று எல்ஆர் நம்பரை, அதாவது லாரி ரசீது நம்பரை, வாங்கிக்கொண்டு பார்சல் விவரத்தைத் தரும். விளக்கத்தில் நான் எழுதியிருந்தது ஒரே வரி, 'சரக்கின் விவரங்களைத் தரும்' என்று. வரும் விவரங்களில் 'பாலன்ஸ்' என்று ஒரு ஃபீல்டு. சோதனையாகச் சில கிளைகளில் விட்ட இரண்டாவது வாரம் ஒருவர், என் பார்சல் வந்துவிட்டதா, எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பாலன்ஸ் பூஜ்யம் என்றிருந்தது, ஏஜென்டும் வந்துவிட்டது, எதுவும் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர் ஆட்டோ பிடித்துக் குடோனுக்குப் போனால் அங்கே 840 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கையில் காசில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். நாள் முழுக்க நாங்கள் மாடலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், வேறு மாடலுக்கு மாறலாமா என்று கூடப் பேசினோம்.

மறுநாள் புக்கிங் கவுன்டரில் 20 வருஷத்துக்கு மேல் இருக்கிற ஒரு அண்ணனிடம் அந்த விளக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பாலன்ஸ்னா யாரோட பாலன்ஸ் தம்பி?"

அதுதான் விஷயம். அது அனுப்பியவர் கணக்கில் உள்ள பாக்கி. பார்சல் புக்கிங்கில் மூன்று வகை உண்டு. அனுப்புகிறவரே கட்டிவிட்டால் பெய்டு, வாங்குகிறவர் குடோனில் கட்டி எடுத்துக்கொண்டால் டு பே, மாதக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அப்புறம் பில் போடுவது டிபிபி. டு பே சரக்கில் அனுப்பியவருக்குப் பாக்கியே கிடையாது, அதனால் பூஜ்யம், வாங்குகிறவர் கட்ட வேண்டியது வேறொரு ஃபீல்டில் இருக்கிறது. கவுன்டரில் இருக்கும் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனாலேயே எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மாடல் தனக்குக் கொடுத்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு டூலையும் அவரோடு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் ஆங்கிலத்தைப் படிக்க வேண்டியதில்லை, நான் சொல்லச் சொல்ல அவர் எங்கே புருவத்தைச் சுருக்குகிறாரோ அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது.

இதைவிட ஆபத்தானது ஒன்றும் கிடைத்தது. போன் நம்பரை வைத்துப் பார்சல் தேடும் டூல், ஒன்றும் கிடைக்காவிட்டால் காலி லிஸ்ட் தரும். பின்னால் இருக்கும் சர்வர் நேரத்துக்குள் பதில் தராமல் டைம்அவுட் ஆனாலும் அதே காலி லிஸ்ட்தான். ஸ்கிரீனில் பார்க்கிற மனிதர் என்றால், நெட் மெதுவாக இருக்கிறது, இன்னொரு தடவை தேடுவோம் என்று நினைப்பார். ஏஜென்ட் 'உங்கள் பெயரில் பார்சல் எதுவும் இல்லை' என்று தெளிவாகச் சொல்லிவிடும். மருந்துப் பெட்டிக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? 'இல்லை' என்பதும் 'இப்போது பார்க்க முடியவில்லை' என்பதும் வேறு வேறு என்று டூலே சொல்ல வேண்டும். விளக்கத்தை மட்டும் திருத்தி இதைச் சமாளிக்க முடியாது, டூலின் புரோகிராமையே மாற்றினோம். விளக்கம் எழுத உட்கார்ந்தபோது சுருக்கமாகச் சொல்ல முடியாமல் நான் திணறிய இடங்களில் பெரும்பாலும் டூலே கோணலாகத்தான் இருந்தது.

எரர் மெசேஜும் இப்படித்தான். 'இன்வேலிட் இன்புட்' என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே தவறான நம்பரை நாலு தடவை அனுப்பிப் பார்க்கும். 'எல்ஆர் நம்பரில் இலக்கம் மட்டும்தான் வரும், முன்னால் உள்ள கிளை எழுத்துகளை எடுத்துவிட்டு அனுப்பு' என்று எழுதியதும் அடுத்த தடவையே சரியாக அனுப்பியது. தேதி 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்கிற பழைய தொல்லைக்கு, வருஷம் முதலில், அப்புறம் மாதம், நாள் என்று உதாரணத்தோடு எழுதியதே போதுமாக இருந்தது.

தப்பே செய்ய முடியாதபடி டூலை அமைப்பது இன்னும் நல்லது. ஏஜென்ட்கள் பற்றி 2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் எழுதிய கட்டுரையில் ஒரு அனுபவம் வருகிறது. அவர்களுடைய கோடிங் ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்குப் போன பிறகு ஃபைல்களின் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்ததாம். எப்போதும் முழுப் பாதைதான் தர வேண்டும் என்று டூலை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் கேன்சல் டூலில் பெயரை வாங்குவதை நிறுத்தி, எல்ஆர் நம்பரை மட்டும் வாங்கும்படி வைத்தேன். ஒரே பெயரில் பத்து வாடிக்கையாளர் இருக்கிற தொழில் இது.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போகவும் முடியாது. ஒவ்வொரு விளக்கமும் மாடலின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவில், இடம் பிடிக்கிறது, ஒரே மாதிரி இரண்டு டூல் இருந்தால் எதை எடுப்பது என்று அதற்குக் குழப்பமும் வருகிறது. 14 டூல் இருந்ததை 6 ஆக்கியிருக்கிறோம். இன்னும் இரண்டில் எனக்குத் திருப்தி இல்லை.

பார்சல் விவரம் தரும் அந்த டூலின் விளக்கம் இப்போது ஒன்பது வரி. எட்டு வரி ஆங்கிலம், கடைசி வரி மட்டும் அந்த அண்ணன் வாயால் சொன்னபடியே தமிழில் இருக்கிறது: 'டு பேன்னா வாங்க வர்றவர்தான் காசு கொண்டு வரணும், எவ்வளவுன்னு அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.' அதை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன், அவர் சொன்னது போல வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.