வுட்சக் வளையும் நான்கு குச்சிகளும்

ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினேன். பென்சில்வேனியாவில் எங்கள் கொல்லை முடிந்து ஓக் மரங்கள் தொடங்கும் ஓரத்தில் ஒரு வளை. வாயருகே இரண்டு கூடை அளவுக்குப் புதுமண். கிரவுண்ட்ஹாக் என்றும் சொல்லப்படும் வுட்சக்கின் வேலை அது. அணில் குடும்பத்துப் பிராணிதான், ஆனால் நான்கைந்து கிலோ எடை இருக்கும்.

வளையில் ஆள் உண்டா என்று பார்க்க, வாயின் குறுக்கே மெல்லிய குச்சிகள் நான்கை ஊன்றினேன். மூன்று நாட்களாகியும் ஒன்றுகூடச் சாயவில்லை. ஆனால் மாலையில் பத்தடி தள்ளி அது குளோவர் இலைகளை மேய்ந்துகொண்டிருந்தது! நான் எழுந்ததும் கூர்மையாக ஒரு சீழ்க்கை அடித்துவிட்டுப் புல்லுக்குள் மறைந்தது. அந்த இடத்தைத் துழாவியபோதுதான் இரண்டாவது வாயைக் கண்டேன். சுற்றிலும் துளி மண் இல்லை. உள்ளிருந்தே தோண்டி, மண்ணை முன்வாசல் வழியாகத் தள்ளியிருக்கிறது. ஆபத்து வந்தால் பாய்வதற்கென்றே வைத்திருக்கும் வழி. இந்த ஒரு துளைக்காகவே கோடை முழுவதும் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

அந்த மாதமே குட்டிகள் மூன்று வெளியே வந்தன. தாய் என்று உறுதியானது. ஜூலை முடிவதற்குள் குட்டிகள் பிரிந்து போய்விட்டன. வுட்சக்குகள் தனியாக வாழ்பவை.

செப்டம்பரில் என் பீன்ஸ் செடிகளை மொட்டையடித்தது. வருத்தம்தான். ஆனால் அது தீனி எதையும் சேமித்து வைப்பதில்லை; உடம்பில் ஏற்றும் கொழுப்புதான் குளிர்காலத்துக்கான ஒரே கையிருப்பு.

அக்டோபர் கடைசியில் இரண்டு வாய்களிலும் குச்சி ஊன்றினேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி: அசைவே இல்லை. விழித்திருக்கையில் நிமிடத்துக்கு 80 முறை அளவில் துடிக்கும் இதயம், அந்தக் குளிர்கால உறக்கத்தில் ஐந்து முறை அளவுக்கு இறங்கிவிடுகிறது. பனியில் நின்று அந்த வாயைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இதே மாநிலத்தின் பங்ஸ்சடானி ஊரில் 1887 முதல் பிப்ரவரி 2 அன்று வுட்சக்கின் நிழலைப் பார்த்துக் குளிர் நீடிக்குமா என்று சொல்கிறார்கள். தேதி பொருத்தமானது என்றே எனக்குப் படுகிறது. அந்த வாக்கில்தான் ஆண்கள் முதலில் எழுந்து, பெண்களின் வளைகளைத் தேடிச் சுற்றுகின்றன.

பிப்ரவரி மூன்றாம் வாரம், காட்டுப் பக்கமிருந்து பனிமேல் சேறு படிந்த காலடிகள் வந்திருந்தன. முன்வாசல் குச்சிகள் நான்கும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. காலடிகள் வந்த வழியே திரும்பியும் போயிருந்தன.

மார்ச்சில் இணைசேர்ந்தால் சுமார் 32 நாளில் குட்டி. குச்சிகளை மறுபடி ஊன்றியிருக்கிறேன்.