ஒன்பது மணிக்கு மேல்தான் விரல் மடங்கும்

குடியாத்தத்தில் சித்தி இன்று பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியின் ஒரு காதைத் தொடையில் ஊன்றி, இன்னொன்றை உள்ளங்கையால் அழுத்தினார். வளையத்துக்குள் விரல் நுழையவில்லை.

முடக்குவாதம். இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. நகத்தை ஒட்டிய மூட்டுகள் மட்டும் தப்பித்திருக்கின்றன. பெரும்பாலும் இந்த நோய் அவற்றை விட்டுவிடும்.

காலையில் விறைத்த விரல் ஒன்பது மணிக்கு மேல்தான் மடங்குகிறதாம். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. விறைப்புக்குக் கூலி கிடையாது.

சுருட்டுவதைக்கூடச் சமாளித்துவிடுகிறார். வாய் மடித்து நூல் கட்டும்போதுதான் உயிர் போகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இறுக்கிக் கிள்ளும் பிடி அது. வீங்கிய மூட்டுக்கு அதைவிடப் பாரம் வேண்டாம். அதனால் சுருட்டுவது சித்தி, கட்டுவது மருமகள். கணக்கில் பெயர் ஒன்று, உழைக்கும் கைகள் நான்கு.

“கைக்கு ஓய்வு கொடுங்கள்” என்றாராம் மருத்துவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வலி ஏறும் முன்பே வேலையை மாற்றிச் செய்யச் சொல்லலாம். அழுத்தியதும் தானாக விரிந்துகொள்ளும் வில் கத்தரி இருக்கிறது, அதையாவது சொல்லலாம்.

நான் சொன்னேன்.

“அது என்ன விலைடா?” என்றார் சித்தி.