இரண்டு மாடு, ஒரு சினை நோட்டு

ஜனவரி 27

கறுப்பி கன்று போட்டு இன்றோடு 70 நாள். 60 நாள் கழிந்தால் சினை ஊசி (காளையின் விந்தை ஊசிக்குழலால் செலுத்துவது) போடலாம் என்று காத்திருக்கிறேன், பருவம், அதாவது மாடு சினைக்குத் தயாராகும் நேரம், கண்ணில் படவே இல்லை. விலா எலும்பு தெரிகிறது. பால் உச்சத்தில் இருக்கும் மாடு தின்பதைவிட அதிகமாகக் கறக்கிறது; உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. அந்த நிலையில் சூலகம் சுணங்கிவிடும். அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன், தாது உப்பும் சேர்த்து. சிவப்பிக்கு 11ஆம் தேதியே ஊசி போட்டாயிற்று, அவளைப் பற்றிக் கவலை இல்லை.

பிப்ரவரி 3

கறுப்பியின் வாலில் காய்ந்த ரத்தம். பருவம் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் இப்படி வரும். வந்து போயிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. கத்தவில்லை, பாலும் குறையவில்லை, ஊமைப் பருவம். பருவம் சுமார் 21 நாளுக்கு ஒரு முறைதான் வரும்; அடுத்ததுக்கு இன்னொரு 21 நாள் போச்சு. மனசே ஆறவில்லை. 18ஆம் தேதியிலிருந்து இரவிலும் விடியலிலும் அரை மணி நேரம் கொட்டகையில் உட்காரப் போகிறேன். தீவனம் வைக்கும்போதும் கறக்கும்போதும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 22

விடியற்காலை 4.30. சிவப்பி மேலே ஏற, கறுப்பி நகராமல் நின்றாள். கண்ணாடி போல வழும்பு தொங்கியது. காலையில் கண்டால் மாலையில் ஊசி. பருவம் அடங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும், அவசரப்படக் கூடாது. மாலையில் டாக்டர் வந்தார். உறைவிந்துக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் செலுத்திவிட்டார்.

மார்ச் 15

21ஆவது நாள். கறுப்பியிடம் அறிகுறி இல்லை. சரி, பார்ப்போம்.

ஏப்ரல் 25

சினைப் பரிசோதனை. கறுப்பி சினை! நவம்பர் 29 வாக்கில் ஈனுவாள். செப்டம்பர் 30க்குள் கறவையை நிறுத்திவிட வேண்டும்.

சிவப்பிக்குச் சினை இல்லை. ஊசிக்குப் பிறகு பருவம் தெரியவில்லை, அதையே சினை என்று நம்பிவிட்டேன். 45 நாளிலேயே டாக்டரிடம் கையை உள்ளே விட்டுச் சினை பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இரவு நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரி 22இல் ஏறியது யார்? சிவப்பி. மற்ற மாட்டின் மேல் ஏறுகிற மாடும் பெரும்பாலும் பருவத்தில்தான் இருக்கும். நான் கறுப்பியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி 11இலிருந்து எண்ணினால் அன்று 42ஆவது நாள். சரியாக இரண்டு 21. அந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் மார்ச் 15, ஏப்ரல் 5, அப்புறம் நாளை.

நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன்.