திரை கறுத்த பிறகு என்ன செய்தாய்?

தீபாவளிக்கு முந்தின வாரம். ஆலையில் குறுவை நெல் குவிந்து கிடந்த நேரம், மழையும் விட்டபாடில்லை. மதியம் மூன்று மணி இருக்கும், வீட்டிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது. ஆனா படம் வரல."

"எதையாவது மாத்துனியா மாப்ள?"

"இல்ல மாமா."

அந்த "இல்ல" வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே வை, வந்து பார்க்கிறேன் என்றேன்.

அவன் மன்னார்குடியில் பாலிடெக்னிக் முதலாண்டு. லீவு விட்டால் பாபநாசத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அந்தக் கம்ப்யூட்டர் நான் 2020இல் ஒவ்வொரு பாகமாகக் காசு சேர்த்து வாங்கி, என் கையாலேயே பூட்டியது. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. ஆலையில் நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுவதுதான் எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு. அதனால் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது மனசு பதைத்தது உண்மை.

வீட்டுக்கு வந்தால் அவன் கம்ப்யூட்டர் பக்கமே இல்லை. வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டு உள்ளே கூட்டிப்போனேன்.

பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் சுற்றின, கார்டும் சுற்றியது, திரை மட்டும் கறுப்பு. முதலில் பின்னால் கேபிளைப் பார்த்தேன். இந்த 3600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகினால் என்றைக்கும் படம் வராது. கேபிள் கார்டில்தான் இருந்தது. அப்புறம் பக்கத்து மூடியைக் கழற்றினேன். இப்போதைய பல போர்டுகளில் ஓரமாக நான்கு குட்டி விளக்குகள் இருக்கும்: சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் ஏறும் டிரைவ்). ஆன் ஆகும்போது ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். எங்களுடையதில் இரண்டாவது, டிராம், அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"ராம் வேகத்தைக் கூட்டுனியா?"

இந்த முறை சொல்லிவிட்டான். ஏதோ ஒரு வீடியோ பார்த்து, 3200இல் ஓடிய ராமை ஒரே தாவாக 3800 வைத்திருக்கிறான். இப்படி வேகத்தைக் கூட்டி ஓவர்கிளாக் செய்கிற ஆசை எனக்கும் அந்த வயதில் இருந்தது, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ரைசன்களில் ஒரு கணக்கு உண்டு. ராமுக்கு எழுதியிருக்கும் எண்ணில் பாதி வேகத்தில் சிப்புக்குள் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பும் கூடவே ஓடினால்தான் முழுப் பலன். ராம் 3600 என்றால் அது 1800. 3800 என்றால் 1900. அதைத் தாங்காத சிப்கள் நிறைய. நாலைந்து படியாக ஏறியிருந்தால் எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரிந்திருக்கும்.

சரி, மாற்றியதைப் பழையபடி ஆக்குவோம் என்று சிமாஸ் கிளியர் செய்தேன், அதாவது போர்டு நினைவில் வைத்திருக்கும் அமைப்புகளை அழித்தேன். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். போர்டில் அதற்கென்றே இருக்கும் இரண்டு ஊசிகளையும் திருப்புளி நுனியால் சேர்த்துத் தொட்டுப் பத்து நொடி வைத்தேன். வட்ட பேட்டரியும் பழசாகியிருந்தது, அதையும் கழற்றிப் புது 2032 ஒன்று போட்டேன். இதற்குப் பிறகு பயாஸில், அதாவது போர்டின் அமைப்புத் திரையில், அவன் வைத்த 3800 இருக்க வழியே இல்லை.

ஆன் செய்தேன். அதே விளக்கு.

இந்த இடத்தில்தான் பலர் போர்டு போச்சு, ராம் எரிந்துபோச்சு என்று முடிவுகட்டி, கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுசு வாங்குகிறார்கள். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐந்தொகை ஒத்துவராவிட்டால், முதல் தப்பைத் தேடுவது சுலபம். தப்பு செய்தவர் பயந்துபோய் அதைச் சரிக்கட்ட இன்னொரு இடத்தில் அடித்துத் திருத்தியிருப்பாரே, அதுதான் ஆளைக் கொல்லும். ஆலையில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அதனால் கேட்டேன்: "திரை கறுத்துச்சு இல்ல, அதுக்கப்புறம் நீ என்ன செஞ்ச?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கண் கலங்கிவிட்டது. பிறகு எல்லாம் வந்தது. ஃபேன்கள் சுற்றி, நின்று, மறுபடி சுற்றியிருக்கின்றன. அவன் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டான். (அது போர்டு தானாகவே திரும்பத் திரும்ப முயற்சி செய்வது. இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்திருந்தால் தானே பழைய வேகத்துக்கு இறங்கியிருக்கவும் கூடும்.) அப்புறம் ராம் இரண்டையும் கழற்றி, ஊதி, துடைத்து, திரும்பச் செருகியிருக்கிறான். ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். இரண்டு ராமும் அதனதன் ஸ்லாட்டில், இரண்டாவதிலும் நான்காவதிலும், நேராகத்தான் நின்றன. மேல்முனையில் கொக்கிகள் மூடியிருந்தன. எங்கள் போர்டில் கொக்கி மேல்முனையில் மட்டும்தான் உண்டு. கீழ்முனைக்குப் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு வந்துவிடுவதால் அங்கே அசையாத பள்ளம் மட்டும். மேலே "டக்" என்று சத்தம் வந்ததும் ராம் உட்கார்ந்துவிட்டது என்று கை நம்பிவிடும். டார்ச்சை இன்னும் சாய்த்தேன். கார்டுக்குப் பக்கத்து ராமின் கீழ்முனையில், ஸ்லாட்டின் விளிம்புக்கு மேலே, நகக்கண் அளவுக்குத் தங்க நிறக் கோடு ஒன்று தெரிந்தது. முழுதாக உட்கார்ந்த ராமில் அந்தத் தங்கம் கண்ணுக்கே தெரியக் கூடாது.

பிளக்கை உருவினேன். அரைகுறையாக உட்கார்ந்த ராமுக்குக் கரண்ட் கொடுப்பது ஆபத்து, இரண்டு முறை கொடுத்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் கழற்றினேன். பொன்முனைகளில் லேசாக மங்கல் படிந்திருந்தது. குடமுருட்டி ஆற்றோரத்து வீட்டில் ஐப்பசி மாதம் எதில்தான் ஈரம் ஏறாது? ஆலையில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் நான், வீட்டில் இதை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை பிரஷ்ஷால் தட்டிவிட்டேன்.

"இப்ப நீ போடு" என்று அவன் கையில் கொடுத்தேன். முதலில் ஒன்று மட்டும், இரண்டாவது ஸ்லாட்டில். "கீழ்முனையை முதல்ல அமுக்கு. அப்புறம் மேல்முனை." இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினான். போர்டு லேசாக வளைவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தினான். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் என்றேன். டக்.

ஆன் செய்துவிட்டு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். டிராம் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. அவன் கை பட்டன் பக்கம் போனது, பிடித்துக்கொண்டேன். முக்கால் நிமிஷம் இருக்கும். விளக்கு அணைந்து, அடுத்தது மினுக்கி, திரையில் பயாஸ் வந்தது. தேதி மட்டும் பல வருஷம் பின்னால் போயிருந்தது. இரண்டாவது ராமையும் போட்டோம். 16 ஜிபியும் காட்டியது.

அப்புறம் கேட்டான், "மாமா, இனிமே 3200லயே விட்டுடலாமா?" வேண்டாம், ஒழுங்காக ஏற்றிப் பார்ப்போம் என்றேன். முதலில் ராமோடு வருகிற எக்ஸ்எம்பி, அதாவது ராம் கம்பெனியே குறித்துவைத்த 3200 வேகம், 1.35 வோல்ட். பிறகு 3333, 3466, 3600 என்று ஒவ்வொரு படியாக. ஒவ்வொரு படியிலும் பயாஸ் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். பிராசசரையும் ஏற்றலாமா என்றான். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சிப்பின் வெப்ப வரம்பு 95 டிகிரி. பெட்டியோடு வந்த சின்னக் கூலரில், சித்திரை மாத அறை வெக்கையில், ஒன்றும் ஏற்றாமலே அது எண்பதுகளில் நிற்கும். வீடியோ எடுக்கிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எடுக்கிறார்கள்.

3600இல் விண்டோஸ் வந்தது. வந்துவிட்டால் போதாது. தடுமாறுகிற ராம் சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும். ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால் பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஏற்றி, ராத்திரி ஒன்பதரைக்கு ஓடவிட்டோம். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கியது, அவ்வளவுதான். கரண்ட் வந்ததும் அவனே எழுந்து முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தான். நான் படுத்துவிட்டேன்.

விடிய இன்னும் நேரம் இருந்தது. மழை விட்டிருந்தது. தோளைத் தொட்டு எழுப்பினான்.

"மாமா, நாலும் முடிஞ்சிடுச்சு. எரர் ஜீரோ. நான் எதையும் தொடல, நீங்களே வந்து பாருங்க."