பழைய ஸ்டீல் ஃபிரேமில் புது கியர்: மார்ச் நாட்குறிப்பு

1 மார்ச் 2025, சனி

பழைய ரேஸ் சைக்கிளை முழுசாகப் பிரித்தாகிவிட்டது. சீட் குழாயில் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் பாதி உரிந்து நிற்கிறது. 1935-இல் வந்த மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. பல பத்தாண்டுகள் நல்ல ரேஸ் ஃபிரேம் என்றாலே பலரும் முதலில் கேட்டது இதைத்தான். 27 அங்குல வீல், ஆறு பல்சக்கர ஃப்ரீவீல், கீழ்க்குழாயில் கியர் நெம்பு. எழுபதுகளின் கடைசியில் செய்ததாக இருக்கலாம்.

எனக்கு வேண்டியது மூன்று விஷயம். ஹேண்டில்பாரிலிருந்து கை எடுக்காமல் கியர் மாற வேண்டும். பிரேக்கை நம்பி இறக்கத்தில் விட முடிய வேண்டும். 28 மி.மீ. டயர் தாராளமாக நுழைய வேண்டும். பதிலுக்கு நான் ஃபிரேமுக்குத் தரும் வாக்கு: அறுக்கமாட்டேன், துளை போடமாட்டேன், அரம் வைத்து ராவமாட்டேன், பெயின்டைத் தொடமாட்டேன். வளைப்பேன். வளைத்ததைத் திரும்ப வளைத்துக்கொள்ளலாம், ராவியதை ஒட்ட முடியாது.

இன்றைக்கு ஒரு பார்ட்டும் ஆர்டர் செய்யவில்லை. வெர்னியரை எடுத்து அளந்ததோடு சரி. பின் டிராப்அவுட்டுகளுக்கு (வீலின் ஆக்ஸில் உட்காரும் காடிகள்) நடுவே 126 மி.மீ. முன் ஃபோர்க் 100. சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) கூட்டின் அகலம் 68. ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு) உள்ளே போகும் துளை 22.2.

இந்த எண்களை வைத்தே ஃபிரேமின் ஊரைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிரெஞ்சு ஃபிரேமாக இருந்திருந்தால் சீட் குழாய் 28.0, ஸ்டெம் 22.0 என்று இருந்திருக்கும். 0.2 மி.மீ. வித்தியாசம்தானே என்று 22.2 ஸ்டெம்மைத் தட்டி இறக்கப் பார்த்தால் அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

2 மார்ச், ஞாயிறு

இன்று பாட்டம் பிராக்கெட். பழைய சைக்கிளில் பணம் அதிகம் வீணாகும் இடம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கூடும் ஒரே மாதிரி இருக்கும், மரையில்தான் வேறுபாடு.

இங்கிலீஷ் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலது கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) இடது மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகுவது. இத்தாலியன் 36 மி.மீ., அதே 24 மரை, கூடு 70 அகலம், இரண்டு பக்கமும் சாதாரண வலது மரை. பிரெஞ்சு 35 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை. சுவிஸ்ஸும் அதே 35, ஆனால் வலது கப் இடது மரை. 1.37 அங்குலம் என்றால் 34.8 மி.மீ. வெர்னியரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் 34.8-உம் 35-உம் ஒன்றுதான். மரை இடைவெளியும் 1.06, 1.0 என்று நெருங்கிய சொந்தம். அகலம் 68 என்பதால் இத்தாலியன் கழிந்தது. ஆனால் இங்கிலீஷ், பிரெஞ்சு, சுவிஸ் மூன்றுக்குமே 68தான். மரைக் கேஜ் வைக்காமல் முடிவெடுக்க முடியாது.

கழற்ற முதலில் திசை தெரிய வேண்டும். சீட் குழாய் 28.6 என்பதால் இங்கிலீஷ் என்றே வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். வலது கப்பின் விளிம்பு மெல்லியது, ஸ்பேனர் வழுக்கும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. பெரிய போல்ட்டைக் கப்பின் துளையில் விட்டு, உள்ளே நட், இரண்டு பக்கமும் தடித்த வாஷர் போட்டுக் கப்பை நசுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு போல்ட் தலையை வெளியிலிருந்து வலப்பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் போதும். போல்ட்டுக்கு அது இறுகும் திசை, இடது மரைக் கப்புக்குக் கழலும் திசை. இனி இறுக இடமில்லை என்றானதும் கப் ஒரு முனகலோடு நகர்ந்தது. இறுக்கி இறுக்கியே கழற்றுவதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

மிதிக்க மிதிக்க வலது கப்பை இடப்பக்கமாகச் சுழற்றும் ஒரு மெல்லிய உந்துதல் இருந்துகொண்டே இருக்கும். இடது மரைக்கு அது இறுக்கம், வலது மரைக்குக் கழற்சி. அதனால்தான் இத்தாலியன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் வலது கப்பை இன்னும் பலமாக இறுக்கி வைக்கிறார்கள்.

கப்பில் 1.37 x 24 என்றே பொறித்திருந்தது, கேஜும் அதையே சொன்னது. நல்லது. இன்றைக்கும் கடையில் எளிதாகக் கிடைக்கும் அளவு.

8 மார்ச், சனி

சீட் போஸ்ட் அசையவில்லை. எஃகுக் குழாயில் அலுமினியப் போஸ்ட், நடுவில் கிரீஸ் இல்லாமல் பல வருடம். இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்துப் பூத்துவிட்டது. மேலும் கீழும் எண்ணெய் விட்டேன். சூடு காட்டக் கூடாது. சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி இன்னும் இறுகும். குளிர வைத்தால்தான் சுருங்கும்.

9 மார்ச், ஞாயிறு

126-ஐ 130 ஆக்கும் நாள். புது பின் வீலின் ஹப் (வீலின் நடுப்பகுதி) 130 மி.மீ., அது நுழைய டிராப்அவுட்டுகள் விரிய வேண்டும். தம்பி உதவிக்கு வந்தான். மரச்சட்டத்தைப் பார்த்ததுமே, "அண்ணே, முறிஞ்சிடாதா?" என்றான்.

முறியாது. எஃகு ஓர் எல்லைவரை வளைந்து திரும்பும், அதைத் தாண்டினால் வளைந்தபடி நிற்கும். நமக்கு அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் போதும். பக்கத்துக்கு 2 மி.மீ.தான் கணக்கு. அலுமினியத்திலும் கார்பனிலும் இந்த விளையாட்டே கூடாது. எஃகிலும் வெப்பப் பதம் செய்த 753 போன்ற மெல்லிய குழாயாக இருந்தால் நான் கை வைக்கமாட்டேன். 531 பொறுத்துக்கொள்ளும்.

வளைக்காமலே, வீல் போடும்போது கையால் விரித்துச் செருகலாமே என்று பலர் செய்கிறார்கள். 4 மி.மீ.க்கு அது ஓடவும் ஓடும். எனக்குப் பிடிக்காத காரணம் டிராப்அவுட்டுகள். விரியும்போது அவை இணையாக இல்லாமல் லேசாகத் திரும்பும், ஆக்ஸிலை இறுக்கும்போது அதன் மேல் வளைக்கும் பாரம் விழும். போதாததற்கு, பங்க்சர் ஒட்டி வீலை மாட்டும்போதெல்லாம் மூன்றாவது கை வேண்டும்.

நீள மரை ராடை நடுவில் வைத்து நட்டைத் திருப்பி விரிப்பது சுலபமான வழி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இணங்கும் என்று எந்த உறுதியும் இல்லை. செயின் பக்கக் குழாயில் பல்சக்கரத்துக்கு இடம் விட்டு ஓர் அமுக்கு இருக்கும், பலவீனமான பக்கம்தான் முழு வளைவையும் வாங்கும். ஆகவே நெம்புகோல் முறையில் ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம். கொஞ்சம் அழுத்து, விடு, அள. முதலில் அப்படியே பழைய இடத்துக்கு வந்து நின்றது. இன்னும் கொஞ்சம். அரை மில்லி நகர்ந்தது. அதற்கப்புறம் வேகமாக நகரும், அங்கேதான் நிதானம் வேண்டும்.

ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நூல் சோதனை. இடது டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து வலது டிராப்அவுட்டில் கட்டு. சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் பின்பாகம் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். தம்பி இந்த நூலைப் பார்த்துத்தான் சமாதானமானான்.

129.5-இல் நிறுத்தினேன். பிறகு டிராப்அவுட்டுகளை இணையாக்கும் கருவி: ஆக்ஸில் இடத்தில் இரண்டு முனைகளை மாட்டினால் நடுவில் அவை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் முறைத்துக்கொண்டு நின்றன. கருவியின் கைப்பிடியாலேயே திருப்பிச் சரி செய்தேன். கடைசியாக டிரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கியர் கருவி) தொங்கும் காது. ஆறு பல்சக்கரத்தில் பல்லுக்குப் பல் 5.5 மி.மீ., நெம்பை ஓட்டுபவரே காதால் கேட்டு நிறுத்துவார், டிரெய்லர் காது கோணியிருந்தாலும் தெரியாது. 1984-இல் ஷிமானோ டூரா-ஏஸில் கிளிக் கியர் வந்தது. அப்போதிருந்து அந்தக் காதின் நேர்மைதான் கியரின் நேர்மை. நான் போடப்போகும் ஒன்பது பல்சக்கரத்தில் இடைவெளி 4.35தான். வீல் விளிம்பை வைத்து நான்கு திசையிலும் அளந்து நேராக்கினேன்.

15 மார்ச், சனி

27 அங்குல வீலை விட்டு 700சி வீலுக்கு மாறுகிறேன். 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி ரிம்மில் 622. ரிம் 4 மி.மீ. உள்ளே போகிறது, பிரேக் கட்டை அதே அளவு கீழே எட்ட வேண்டும். பிரேக் போல்ட் துளையின் நடுவிலிருந்து ரிம்மின் உரசும் பட்டைவரை அளந்தேன்: முன்னால் 59, பின்னால் 66. இன்றைய ரேஸ் பிரேக் 39–49தான் எட்டும். நடுத்தர வகை 47–57, அதுவும் போதாது. டெக்ட்ரோ ஆர்559 என்ற பிரேக் 55 முதல் 73 வரை எட்டுகிறது. கை நீண்டால் நெம்பு பலம் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் இரட்டை அச்சுள்ள பிரேக் என்பதால் பழைய ஒற்றை அச்சு பிரேக்கைவிட நன்றாகவே பிடிக்கும். இத்தனை இடைவெளி இருப்பதால் 28 டயர் மட்டுமல்ல, மட்கார்டும் நுழையும்.

இனி நட் பிரச்சினை. இன்றைய பிரேக்குகள் ஃபோர்க்கின் பின்துளைக்குள் புதையும் நட்டோடு வரும், அதற்கு 8 மி.மீ. துளை வேண்டும். பழைய ஃபிரேமில் முன்னும் பின்னும் 6 மி.மீ. போல்ட் துளைதான். பின்துளையை மட்டும் 8 ஆக்கிவிடு, வெளியே தெரியாது என்பதுதான் எங்கும் கிடைக்கும் அறிவுரை. தெரியாதுதான். எனக்குத் தெரியும். நீள போல்ட்டும் வெளி நட்டும் உள்ள வகை அதே பிரேக்கில் விற்கிறார்கள், அதை வரவழைத்தேன்.

ரிம் அலுமினியம். பழைய குரோம் எஃகு ரிம் ஈரத்தில் பிரேக்கைச் சட்டை செய்யவே செய்யாது. இந்த முழு வேலையிலும் உயிர் காக்கும் மாற்றம் எது என்று கேட்டால் கியரைச் சொல்லமாட்டேன், ரிம்மைச் சொல்வேன்.

22 மார்ச், சனி

சீட் போஸ்ட் கழன்று வந்துவிட்டது! 27.2. இந்தக் குழாய்க்கு இருக்க வேண்டிய அளவு. உள்ளே கிரீஸ் பூசி வைத்தாயிற்று.

கியர் எத்தனை என்பதில் நான் பழமைவாதி. 130 ஹப்பில் பதினொன்றும் போகும், கேசட் (பல்சக்கரக் கொத்து) ஏறும் உடல் மட்டும் 1.85 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். ஆனால் கேசட்டை வலப்பக்கம் நீட்ட நீட்ட, ரிம்மை நடுவில் வைக்க வலது ஸ்போக்குகள் செங்குத்தாகிக்கொண்டே போகும், இடது ஸ்போக்குகள் தளரும். ஒன்பது போதும். ஷிமானோ சோரா எடுத்தேன், பின் டிரெய்லரும் நெம்பும் ஒரே தொகுதி. கலந்து போட நினைப்பவர்கள் வயர் இழுப்பு அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். டியாக்ரா 4700-உம் அதற்கு முந்தைய பத்து கியரும் எண்ணிக்கையில் ஒன்று, இழுப்பில் வேறு.

ஃப்ரீவீலிலிருந்து கேசட் ஹப்புக்கு மாறியதில் இன்னொரு லாபம். ஃப்ரீவீல் ஹப்பில் வலது பேரிங் பல்சக்கரங்களுக்கு உள்பக்கம் ஒதுங்கியிருக்கும், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்ஸில் வளையும், முறியும். கேசட் ஹப்பில் பேரிங் ஏறக்குறைய டிராப்அவுட் பக்கமே வந்துவிடுகிறது.

கீழ்க்குழாயில் பழைய நெம்புகள் இருந்த குமிழ்களிலேயே வயர் உறையைத் தாங்கும் நிறுத்தி பொருந்தியது, டியூனிங் திருகோடு. இப்படி ஒரு பார்ட் இன்னும் விற்பனையில் இருக்கிறதே!

23 மார்ச், ஞாயிறு

கிராங்க். தொகுதியோடு வரும் இரட்டைத்துண்டு கிராங்க்கின் 24 மி.மீ. அச்சும் வெளியே துருத்தும் பேரிங்கும் இந்த மெல்லிய குழாய்களுக்குப் பொருந்தவில்லை. தவிர, வெளிக் கப் நேராக உட்காரக் கூட்டின் இரண்டு முகத்தையும் சீவி இணையாக்க வேண்டும். அது என் வாக்குறுதியை மீறுவது. மூடிய பேரிங்கோடு சதுர முனை பாட்டம் பிராக்கெட் போட்டேன். சதுரத்திலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்), ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்) என்று இரண்டு உண்டு. சரிவு ஒன்று, முனையின் பருமன் வேறு. ஐஎஸ்ஓ கிராங்க்கை ஜேஐஎஸ் அச்சில் ஏற்றினால் சுமார் 4.5 மி.மீ. வெளியே நிற்கும், செயின் கோடு (முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேரில் இருப்பது) கெடும். இரண்டும் ஜேஐஎஸ்ஸாகவே வாங்கிச் செயின் கோட்டை 43.5 மி.மீ.-இல் நிறுத்தினேன்.

29 மார்ச், சனி

ஸ்டெம். 22.2-க்குள் இறங்கி மேலே 28.6 ஆகும் அடாப்டர் கிடைக்கிறது, அதில் எந்தப் புது ஸ்டெம்மும் பிடிக்கும். வசதிதான், பார்க்கச் சகிக்காது. 31.8 ஹேண்டில்பாரைத் திறந்து மூடிப் பிடிக்கும் பழைய வகை ஸ்டெம்மே கிடைத்தது. உயரத்தை ஆசைக்கு ஏற்றக் கூடாது. குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இழுத்தால் உள்ளே ஆப்பு ஸ்டியரரின் (ஃபோர்க்கின் மேல்குழாய்) மரை வெட்டிய பகுதியில் வந்து அழுத்தும். அங்கே உலோகம் மெலிந்திருக்கும், வீங்கும் அல்லது வெடிக்கும்.

30 மார்ச், ஞாயிறு

ஓட்டினேன். பிரேக் பிடிக்கிறது. கியர் ஒரு கிளிக்குக்கு ஒரு பல் நகர்கிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. இந்த டிராப்அவுட் கிடைமட்டம். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் செயின் வீலை முன்னால் இழுக்கும், வலது முனை நழுவி டயர் குழாயில் உரசும். வீலை இறுக்கும் நெம்புக் கிளாம்ப்களில், கேம் (நெம்போடு சுழன்று இறுக்கும் உருளை) வெளியே தெரியும் லேசான நவீன வகைகள் செங்குத்து டிராப்அவுட்டுக்குப் போதும், இதற்குப் போதாது. கேம் உள்ளே மறைந்த எஃகு கிளாம்ப்தான் பிடிக்கும். பழைய வீலில் இருந்ததையே கழற்றி மாட்டி, மேட்டில் மறுபடி எழுந்து மிதித்துப் பார்த்தேன், நகரவில்லை.

ஹேண்டில் டேப் சுற்ற வேண்டும். முன் டிரெய்லர் கடைசிப் பல்லில் லேசாக உரசுகிறது, வயரைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும்.